தலைப்பிரசவமும் முதல் செமஸ்டரும்

ஸ்ரீராம்புரம், பெங்களூர்
22 செப்டம்பர் 2024

தர்ஷினிக்கு,

புது முகவரியாக இருக்கிறதே, யாரோ என்னவோ என்று குப்பைக்குத் தள்ளிவிடாதே. நான்தான், உன் அம்மா. பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அன்றே ஆளுக்கொரு மெயில் ஐடி கொடுத்தார்கள். அதிலிருந்து போகும் முதல் கடிதம் உனக்கு. போனில் பேசினால் நீ பாதியிலேயே வைத்துவிடுகிறாய். வைக்காவிட்டால் நான் கத்துகிறேன். எழுத்தில் யாரும் யார் பேச்சையும் வெட்ட முடியாது பார், இனி கொஞ்ச நாள் இப்படியே வைத்துக்கொள்வோம்.

சொன்னதையே திரும்பச் சொல்கிறேன். எம்.ஏ. சேர்ந்துவிட்டேன். அறிவு மேலாண்மையும் தகவலியலும் என்று பெயர். மாலை வகுப்பு, இரண்டு வருஷம். மல்லேஸ்வரம் காலேஜ் நூலகத்தில் என் வேலை முடிந்ததும் அப்படியே மெட்ரோ ஏறிப் போய்விடலாம்.

முதல் செமஸ்டர் பரீட்சை ஜனவரி நடுவில். அங்கே உன் டாக்டர் சொன்ன தேதியும் ஜனவரி நடுவில். நான் என்ன, பஞ்சாங்கம் பார்த்தா இரண்டையும் ஒரே வாரத்தில் கொண்டுபோய் வைத்தேன்? பரீட்சையை விட்டால் சீட்டே போய்விடும். அதனால் எழுதி முடித்ததும் விமானம் ஏறுகிறேன் என்றுதான் சொன்னேன். வரமாட்டேன் என்று எப்போது சொன்னேன்?

இந்த வயதில் எதற்கு இது என்று கேட்டாய். உன்னைச் சுமந்ததால் படிப்பை விட்டேன், தியாகம் செய்தேன் என்ற கதையெல்லாம் என்னிடம் இல்லை. எனக்கு ஆசை, அவ்வளவுதான். எங்கள் நூலகர் இன்னும் இரண்டு வருஷத்தில் ஓய்வு பெறுகிறார். இத்தனை வருஷம் அந்த மேஜைக்கு எதிரில் நின்று புத்தகம் எடுத்துக் கொடுத்தாயிற்று. இனி மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார வேண்டும்.

உன் அப்பா வழக்கம்போல, “அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமா காந்தா?” என்றார். “எனக்கு இன்னும் நாப்பத்தொம்போதுதான் ஆவுது, ஒரு வருஷம் டைம் இருக்கு” என்றேன். மனிதர் சிரித்துவிட்டார். நீயும் சிரித்துவிடு.

அம்மா

*

ஐந்தோவன், நெதர்லாந்து
29 செப்டம்பர் 2024

அம்மா,

இரண்டு தடவை படித்தேன், எங்கேயாவது ஒரு ‘சாரி’ இருக்குமோ என்று. இல்லை.

நாற்காலி எங்கேயும் ஓடிப்போகாது. என் பிரசவத்தை அடுத்த வருஷத்துக்கு ஒத்திவைக்க முடியுமா? எதிர் ஃப்ளாட் கோயம்புத்தூர்ப் பெண்ணின் பிரசவத்துக்கு அவள் அம்மா ஒரு மாதம் முன்னாலேயே வந்துவிட்டார். முருங்கைக்கீரைப் பொடி, பிரண்டைத் துவையல், அந்த வாசனை எங்கள் வீட்டு ஹால் வரைக்கும் வருகிறது. லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம், “உங்கம்மா எப்பக் கண்ணு வர்றாங்க?” என்று கேட்கிறார். “எங்கம்மாவுக்கு எக்ஸாம்” என்றேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

தலைப்பிரசவம் அம்மா வீட்டுப் பொறுப்பு. இது நான் கண்டுபிடித்த சட்டமில்லை. நம் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேள். இங்கே எட்டு நாளுக்கு ஒரு நர்ஸ் வீட்டுக்கு வருவார். நல்லவராகத்தான் இருப்பார். ஆனால் அவர் நர்ஸ், நீ இல்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது அம்மா. அன்றைக்கு அதைச் சொல்லத்தான் போன் பண்ணினேன். நீ சிலபஸ் சொன்னாய்.

தர்ஷினி

*

ஸ்ரீராம்புரம்
13 அக்டோபர் 2024

தர்ஷினிக் குட்டி,

பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதை வேலை நேரத்தில் படித்துத் தொலைத்தேன். கடைசி வரிசை அலமாரிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். அழுது முகம் கழுவிக்கொண்டு வகுப்புக்கும் போனேன். அன்று சிலபஸ் சொன்னதற்கு சாரி. இதோ, நீ தேடிய வார்த்தை. பரீட்சைக்கு மட்டும் சாரி சொல்லமாட்டேன்.

வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன், கேள். கூட இருப்பதெல்லாம் ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள். பக்கத்தில் உட்காரும் சோனியா உன் வயசு. பாடம் எடுக்கும் மமதா மேடம் என்னைவிடப் பத்து வயது சின்னவர். யாரும் பதில் சொல்லாவிட்டால், “காந்தா அவ்ரே, நீவு ஹேளி”, நீங்கள் சொல்லுங்கள் என்று என் பக்கம் திரும்பிவிடுவார். தெரிந்தால் சொல்வேன். தெரியாவிட்டால் “கொத்தில்லா மேடம்” என்று அதையும் சத்தமாகச் சொல்வேன். தெரியாது என்று சத்தமாகச் சொல்கிறவள் வகுப்பில் நான் ஒருத்திதான்.

ஒரு அசைன்மெண்ட் கொடுத்திருக்கிறார். ஏதாவது ஒரு வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த வேலையில் சந்தேகம் வந்தால் யாரிடம் போவீர்கள் என்று சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரையும் கேட்க வேண்டும். யார் பெயரைச் சொல்கிறார்களோ அவர் பக்கம் ஒரு அம்புக்குறி. கடைசியில் பார்த்தால் அந்த வேலை உண்மையில் யார் கையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். பல ஆபீஸ்களில் அம்பு மேனேஜர் பக்கமே போகாதாம்.

எல்லோரும் அவரவர் ஆபீஸை எடுத்துக்கொண்டார்கள். நான் நம் குடும்பத்தை எடுத்துக்கொண்டேன். வேலை, பிறந்த பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவது. எப்படியும் அங்கே வந்து நான்தானே செய்யப்போகிறேன்? இங்கேயே நாலு பேரைக் கேட்டு வைத்துக்கொண்டால் பாடத்துக்கும் ஆச்சு, பேரப்பிள்ளைக்கும் ஆச்சு. மாப்பிள்ளை கிஷோரிடம் கேட்டு, ஒக்கலிபுரத்தில் சம்பந்தியம்மா எப்போது வீட்டில் இருப்பார் என்றும் விசாரித்து வைத்திருக்கிறேன்.

சத்து மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா?

அம்மா

*

ஐந்தோவன்
20 அக்டோபர் 2024

அம்மா,

என் பிரசவம் உனக்கு அசைன்மெண்டா?

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். உனக்கு மனசும் வேறாகிவிட்டது.

சாரிக்கு நன்றி. ஆனால் ஒக்கலிபுரம் போகாதே. உன் சம்பந்தி என் ரிசப்ஷன் அன்று மேடைக்குப் பக்கத்தில் நின்று, “கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா, என்ன பண்றது, பையன் ஆசைப்பட்டுட்டான்” என்று சொன்னதை நீ மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. அன்று போட்ட மேக்கப் எல்லாம் சிரித்துச் சிரித்தே உதிர்ந்தது. அதற்குப் பிறகு இரண்டு வருஷமாகப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் “நல்லாயிருக்கீங்களா அத்தை”, “நல்லாயிருக்கேன் மா”, அதோடு சரி. கிஷோருக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

அவர்களிடம் போய் என் குழந்தையைப் பற்றி நீ ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது.

தர்ஷினி

*

ஸ்ரீராம்புரம்
10 நவம்பர் 2024

தர்ஷினி,

போனேன். திட்டுவதற்கு முன்னால் முழுதும் படி.

முதலில் உன் சித்தி விஜியைக் கேட்டேன். “எனக்கு எங்கக்கா தெரியும்? என் பசங்களுக்கு என் நாத்தனார் ஊத்தினா” என்றாள். அப்புறம், “சரி, தர்ஷினிக்கு யாரு ஊத்தினது?” என்று என்னையே திருப்பிக் கேட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உனக்கு ஊற்றியது எதிர்வீட்டுத் தமயந்தி அக்கா. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருக்கிறேன். அவ்வளவுதான் என் அனுபவம். என்னை நோக்கி ஒரு அம்புகூட வரவில்லை, தர்ஷினி. உன் அப்பாகூட என் பெயரைச் சொல்லவில்லை!

அப்புறம்தான் ஒக்கலிபுரம் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. சம்பந்தியம்மா புடவையை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டு, மணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். காலில் ஒரு பிள்ளை. பக்கத்து வீட்டுக் குழந்தையாம். “வாங்க சம்பந்தியம்மா, கையெல்லாம் எண்ணெ, கோச்சுக்காம அப்படி உக்காருங்க” என்றார். அந்தப் பிள்ளை அழவில்லை. தலையில் தண்ணீர் விழும்போது புருவத்தின் மேல் கையை அணை மாதிரி வைத்துக்கொள்கிறார், ஒரு சொட்டு கண்ணில் போகவில்லை. அந்தத் தெருவில் யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் இவரைத்தான் கூப்பிடுகிறார்களாம். காசு வாங்குவதில்லை, வெற்றிலை பாக்கோடு சரி.

நான் பாட்டுக்கு, “அப்ப உங்க பேரப்பசங்களுக்கெல்லாம் நீங்கதான் ஊத்தியிருப்பீங்க” என்று சொல்லிவிட்டேன்.

துவட்டிக்கொண்டிருந்த கை நின்றது. “எனக்கேது அந்தக் குடுப்பினை? மூணும் ஆம்பளைப் பசங்க. பெரிய மருமக பிரசவத்துக்கு அம்மா வீடுன்னு வேலூருக்குப் போய்ட்டா, நடுவுலவ தும்கூருக்குப் போய்ட்டா. தலை நின்னப்புறம்தான் தூக்கிட்டு வந்து கண்ணுல காட்டினாங்க. ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் ஊத்துறேன். என் வீட்டுப் பிள்ளை ஒண்ணுக்குக்கூட முதல் தண்ணி ஊத்தினதில்ல” என்றார்.

“கேட்டிருக்கலாமே?”

“நல்லாக் கேட்டீங்க! பொண்ணைப் பெத்தவங்களுக்கு உண்டானது அது. நான் வாயத் தொறந்தா, உரிமையைப் பிடுங்குறான்னு பேச்சு வராதா?”

பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினார். கிஷோர் அங்கே போனபோதே எடுத்தது. உள்ளே ஒரு முத்திரை இல்லை. யாரும் கூப்பிடவில்லை, அவரும் கேட்கவில்லை.

தர்ஷினி, வேலை தெரிந்தவர் ஒருத்தர், வழக்கப்படி வேலையை ஒப்படைத்திருப்பது வேறொருத்தரிடம். அந்த வேறொருத்தி நான். எனக்குக் குளிப்பாட்டத் தெரியாது, உனக்குப் பயம், அவருக்குக் கை துறுதுறு என்கிறது. நான் அங்கேயே கேட்டுவிட்டேன். “முன்னாடி நீங்க போங்க, பின்னாடி நான் வரேன்” என்றேன். அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

உன்னைக் கேட்காமல் கேட்டுவிட்டேன். கோபித்துக்கொள். ஆனால் கேட்டாயிற்று.

அம்மா

*

ஐந்தோவன்
12 நவம்பர் 2024

அம்மா,

நீ பரீட்சை எழுதுவதற்காக என்னை மாமியார் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டாய். அதற்கு ஒரு அம்புக்குறி படம் வேறு.

கிஷோர் குதிக்கிறார், “அம்மா வர்றாங்க, அம்மா வர்றாங்க” என்று. நான் எப்படி வேண்டாம் என்பேன்? அதுவும் உனக்குத் தெரியும்.

எழுது. நன்றாக எழுது. எனக்கு எழுதாதே.

தர்ஷினி

*

ஸ்ரீராம்புரம்
15 டிசம்பர் 2024

தர்ஷினி,

எழுதாதே என்றாய். ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இதற்கு மேல் என்னால் ஆகாது.

சம்பந்தியம்மாவுக்கு விசா வந்துவிட்டது. மருந்துப் பொடி, கருப்பட்டி, பழைய வேட்டியில் கிழித்த துணி என்று பெட்டி நிறைந்துவிட்டது. மணையை எடுத்துப்போக முடியாது என்று அவருக்கு ஒரே கவலை. கிஷோர் அங்கேயே ஏதோ பலகையை அறுத்துச் செய்துவிட்டாராமே!

அந்தக் கறுப்புப் பேச்சை நான் அவரிடம் எடுக்கவில்லை. அது உன் சண்டை, நீயே போடு. உனக்கு வாய் இல்லையா என்ன? என்னிடமிருந்து வந்த வாய்தானே.

இன்னொன்று. இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாளாக யோசித்தேன். உனக்கு நிஜமாகவே நான்தான் வேண்டும், வேறு யாரும் ஆகாது என்றால் ‘வா’ என்று ஒரே ஒரு வார்த்தை எழுது. சீட்டை விட்டுவிட்டு ஏறிவிடுகிறேன். அதற்கப்புறம் ஒரு நாளும் சொல்லிக் காட்டமாட்டேன். எனக்குப் பரீட்சை வேண்டும், தர்ஷினி. ரொம்ப வேண்டும். எவ்வளவு வேண்டும் என்று தெரிந்துதான் இதை எழுதுகிறேன்.

சம்பந்தியம்மாவின் விமானம் இருபத்தெட்டாம் தேதி. அதற்குள் சொல்.

அம்மா

*

ஐந்தோவன்
5 ஜனவரி 2025

அம்மா,

அந்த ஒரு வார்த்தையை டைப் செய்துவிட்டு அனுப்பாமல் உட்கார்ந்திருந்தேன். ‘ரொம்ப வேண்டும்’ என்று நீ எழுதியிருந்தாய். எனக்குத் தெரிந்து நீ உனக்காக எதையும் ரொம்ப வேண்டும் என்று சொன்னதே இல்லை. ஒரு புடவைக்குக்கூட. அழித்துவிட்டேன்.

அத்தை வந்து ஒரு வாரமாகிறது. முதல் இரண்டு நாள் “சாப்பிடும்மா”, “போதும் அத்தை” என்று ஹோட்டல் மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் சமையலறையில் ரசத்துக்குத் தக்காளி பிசைந்துகொண்டிருந்தார்கள். நான் நேராகக் கேட்டேவிட்டேன், “ரிசப்ஷன்ல என்னைக் கறுப்புன்னு சொன்னீங்களே அத்தை, ஏன்?” என்று.

நழுவுவார்கள் என்று பார்த்தேன். “ஆமா, சொன்னேன். என் மாமியா என்னைச் சொன்னது இதைவிட மோசம். வாயில அதுவே ஊறிப்போச்சு. நீ அன்னிக்கே கேட்டிருந்தா அன்னிக்கே கன்னத்துல போட்டுக்கிட்டிருப்பேன்” என்று சொல்லி, தக்காளிக் கையோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கன்னமெல்லாம் தக்காளி. நான் இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை, சொல்லிவிட்டேன். “பர்வாயில்ல, மெதுவா மன்னி, நான் மூணு மாசம் இருப்பேன்” என்றார்கள்.

நேற்றுக் கதையைக் கேள். எனக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றிவிட்டு, முடி காய வேண்டும் என்று இரும்புக் கரண்டியில் கரி பற்றவைத்துச் சாம்பிராணி போட்டார்கள். நான் “வேண்டாம் அத்தை” என்று சொல்லி முடிப்பதற்குள் கூரையில் இருந்த அலாரம் கத்த ஆரம்பித்துவிட்டது. ஒரு ஃப்ளாட் இல்லை, மாடி முழுவதும். எல்லோரும் ஸ்வெட்டரோடு வாசலுக்கு ஓடுகிறார்கள். கோயம்புத்தூர்ப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். அத்தை கரண்டியைக் கையில் பிடித்தபடியே பனியில் நின்று, “என்னடி இது, சாமிக்குக் காட்டுற புகைக்கு இந்த ஊர்ல போலீஸா?” என்கிறார்கள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டது. கிஷோர் பிரசவ வலி என்று நினைத்துக் காரை எடுக்க ஓடிவிட்டார்!

அவ்வளவு சிரித்து எத்தனை மாதமாயிற்று தெரியுமா? நீ இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அதையும் சொல்லிவிடுகிறேன்.

படிக்கிறாயா?

தர்ஷினி

*

ஐந்தோவன், ஆஸ்பத்திரி
17 ஜனவரி 2025

அம்மா,

இதை நீ பரீட்சை எழுதிவிட்டு வெளியே வந்ததும் படிக்க வேண்டும். அதற்காகத்தான் போன் பண்ணாமல் எழுதுகிறேன். வாசலில் நின்றபடி படிக்காதே, எங்கேயாவது உட்கார்ந்துகொள்.

பெண் குழந்தை. நீ ஹாலுக்குள் இருக்கும்போது பிறந்தாள். நானும் அவளும் நன்றாக இருக்கிறோம்.

நேற்று நீ போன் பண்ணினாயே, “நாளைக்குக் கடைசிப் பேப்பர், உடம்பு எப்படிடி இருக்கு?” என்று. நான் “ஒண்ணுமில்ல, நீ படி” என்று சொல்லிப் பாதியில் வைத்தேன். பழைய கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமில்லை அம்மா, வலி. அதற்கு மேல் ஒரு நொடி பேசியிருந்தால் கத்தியிருப்பேன், உனக்குத் தெரிந்துவிட்டிருக்கும். கிஷோரிடமும் அத்தையிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டேன், நீ எழுதி முடிக்கும்வரை பெங்களூருக்கு ஒரு வார்த்தை போகக்கூடாது என்று. அப்பாவுக்கும் தெரியாது. அவர் வாயில் எதுவும் நிற்காது.

இரவு முழுக்க அத்தை என் இடுப்பைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தார்கள். ரொம்ப வலித்தபோது “அம்மா” என்றுதான் கத்தினேன். அவர்கள், “கூப்பிடு, நல்லாக் கூப்பிடு, அங்க அவங்க எழுதுற பேனாவுக்குக் கேக்கட்டும்” என்றார்கள்.

இனி போன் பண்ணு. வைக்கமாட்டேன்.

தர்ஷினி

*

ஸ்ரீராம்புரம்
17 ஜனவரி 2025

என் தங்கத்துக்கு,

போனில் அழுததைத் தவிர ஒன்றும் பேசவில்லை என்று உன் அப்பா கேலி செய்கிறார். அதனால் எழுதுகிறேன்.

நீ சொன்னதைக் கேட்காமல் வாசலில் நின்றுதான் படித்தேன். படித்துவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்து ‘ஓ’வென்று அழுதேன். பேப்பர் கஷ்டம் போலிருக்கிறது என்று நினைத்து வகுப்பே கூடிவிட்டது. சோனியா தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தாள். மமதா மேடம், “காந்தா அவ்ரே, பேப்பர் அஷ்டு கஷ்டனா?” என்று கேட்டார். “இல்லா மேடம், மொம்மகளு ஹுட்டித்தாளெ, பேத்தி பொறந்திருக்கா!” என்று கன்னடமும் தமிழுமாகக் கத்தினேன். கேன்டீனில் எல்லோருக்கும் மைசூர் பாக்கு என் கணக்கில்.

பரீட்சை நன்றாகவே எழுதினேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்னிடம் மறைத்தது மட்டும் ரொம்பப் பெரிய அக்கிரமம். அங்கே வந்து உன்னை நன்றாகத் திட்டிவிட்டு, அப்புறம் கட்டிக்கொள்கிறேன். உன்னைப் பெற்றதற்கு இத்தனை வருஷத்தில் இன்றைக்குப் பட்ட பெருமை மாதிரி என்றைக்கும் பட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏறுகிறேன். அடுத்த செமஸ்டர் தொடங்கும் வரை விடுமுறை. சம்பந்தியம்மாவிடம் சொல், நான் வந்துவிட்டேன் என்று பெட்டியைக் கட்டிவிட வேண்டாம். முதல் தண்ணீர் அவர் கையால்தான். எனக்காகக் காத்திருக்க வேண்டாம், ஊற்றச் சொல். நான் வந்தபிறகு அந்தப் பலகையில் காலை நீட்டி உட்காருகிறேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கட்டும்.

துண்டை நீ பிடித்துக்கொள்.

அம்மா